மக்காச்சோளம் ஓர் அனுபானம்

2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் கொரோனா மருந்துக்காக நின்ற வரிசையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ரெம்டெசிவிர் என்ற பெயர் அந்தக் கோடையில் கடைக்கோடிக் கிராமம்வரை போய்ச் சேர்ந்தது. தூளாக வந்த ஒவ்வொரு குப்பியிலும் மருந்து 100 மில்லிகிராம்தான் இருந்தது. அதைச் சுமந்துகொண்டு இன்னொரு பொருள் 3 கிராம் இருந்தது. மருந்தைவிட 30 மடங்கு. ஒரு நோயாளிக்கு 6 குப்பி என்று கணக்கிட்டால், உடம்புக்குள் போன மருந்து 600 மில்லிகிராம், அதைச் சுமந்தது 18 கிராம். ரெம்டெசிவிர் தண்ணீரில் லேசில் கரையாது. கரையாததை ரத்தக் குழாயில் ஏற்ற முடியாது. அதைக் கரையவைத்த பொருளின் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை நொதியால் வெட்டி வளையமாக்கி, அதன் ஓரங்களில் சிறிது வேதி மாற்றம் செய்து உருவாக்கியது அது. மக்காச்சோளத்தில் இருக்கும் அதே மாவுச்சத்து. மாநிலத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் முன்வரிசையில் நிற்கும் பெரம்பலூரிலும், அதை ஒட்டிய அரியலூரிலும் இந்தச் செய்தி இன்னும் பேச்சாகவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1891-இல் ஆந்துவான் வில்லியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாவுச்சத்தைப் பாக்டீரியாவால் செரிக்கவைத்தபோது, ஒரு கிலோவுக்கு 3 கிராம் அளவில் ஒரு படிகம் ஒதுங்குவதைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் பிரான்ஸ் ஷார்டிங்கர் அதைப் பிரித்து வகைப்படுத்தினார். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் அலகுகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சரம். குறிப்பிட்ட ஒரு நொதி அந்தச் சரத்தில் ஆறு, ஏழு அல்லது எட்டு மணிகளை நறுக்கி, இரு முனைகளையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆறு மணி வளையம் ஆல்ஃபா, ஏழு பீட்டா, எட்டு காமா. வளையம் தட்டையாக இராது; அடியில்லாத சிறு குவளை போல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருக்கும். பீட்டா வளையத்தின் உள்ளறை சுமார் 0.6 நானோமீட்டர் அகலம். குவளையின் வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டிப் பழகும்; உட்பக்கம் எண்ணெய்த் தன்மை கொண்டது. எண்ணெய்ப் பசையுள்ள தாவரச் சேர்மம் ஒன்று அருகில் வந்தால், உள்ளே ஒண்டியிருந்த நீர் மூலக்கூறுகள் வெளியேறி அதற்கு இடம்விடுகின்றன. வெளியே தண்ணீருக்கு வேண்டிய முகம், உள்ளே தண்ணீருக்கு வேண்டாத விருந்தாளி. வேதிப்பிணைப்பு எதுவும் அறுவதும் இல்லை, புதிதாகச் சேர்வதும் இல்லை. விருந்தாளி வருவார், போவார். கரைசல் நீர்த்துப்போனால் வெளியேறிவிடுவார். இப்படி ஒன்றை ஏந்திக்கொள்ளும் பெருவளைய மூலக்கூறுகளை மனிதர் செயற்கையாகவும் செய்திருக்கிறார்கள். பரங்கிக்காய் வடிவத்தால் பெயர்பெற்ற குக்கர்பிட்யூரில் அவற்றுள் ஒன்று. கிரீட ஈதர் முதலியவற்றுக்காக 1987-இன் வேதியியல் நோபல் பரிசு பெடர்சன், கிராம், லேன் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. ஆனால் உணவிலும் மருந்திலும் பரவலாக நுழைந்தது மாவுச்சத்து வளையம்தான். 1976-இலேயே ஜப்பான் அதை மருந்துக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.

தமிழ் மருத்துவத்துக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதல்ல. சித்த வைத்தியர் சூரணத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. தேனில் குழைத்தா, நெய்யிலா, பாலிலா, வெந்நீரிலா என்பதையும் சேர்த்தே சொல்வார். அதற்கு அனுபானம் என்று பெயர். மருந்து ஒன்றே ஆனாலும் அனுபானம் மாறினால் பயன் மாறும் என்பது அந்த மரபின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. மஞ்சளோடு மிளகைச் சேர்க்கும் வழக்கத்துக்கு 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒரு விளக்கம் தந்தது: மிளகின் பைப்பரின், மஞ்சளின் குர்குமினைக் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடாமல் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு கூட்டியது. மிளகு வாசற்காவலரைத் தடுக்கிறது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் வேறு வழியில் வேலை செய்கிறது, பொருளையே கையில் ஏந்திக் கொண்டுபோகிறது. இரண்டும் சொல்வது ஒரே உண்மையை. ஒரு மூலிகையின் குணம் அதன் மூலக்கூறுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை; அது எதன் துணையோடு போகிறது என்பதும் அந்தக் குணத்தின் பாதி. மூலிகை என்றால் வேர், இலை, விதை என்று மட்டும் பார்த்துத் திட்டம் தீட்டும் நம் வழக்கம், இந்தப் பாதியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

குர்குமினையே எடுத்துக்கொள்வோம். இது மிக விரிவாக ஆராயப்பட்ட விருந்தாளி. தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. கரைத்தாலும் நிலைக்காது, உடற்சூட்டில், ரத்தத்தை ஒத்த லேசான காரத்தன்மை கொண்ட வெறும் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துபோகிறது என்று 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2002-இல் நார்வே, ஐஸ்லாந்து நாடுகளின் ஆய்வாளர்கள் குர்குமினைச் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் ஏற்றிப் பார்த்தார்கள். கரைதிறன் குறைந்தது பத்தாயிரம் மடங்கு கூடியது. நீரால் சிதையும் வேகமும் நன்கு குறைந்தது. இந்த இரு பண்புகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் விளம்பரமாகிவிடும். அதே ஆய்வு மூன்றாவது ஒன்றையும் சொன்னது: கரிமக் கரைப்பான்களில் இருக்கும்போதைவிட வளையத்துக்குள் இருக்கும்போது குர்குமின் ஒளிபட்டுச் சிதைவது அதிகமாயிற்று. தண்ணீரிடமிருந்து காத்த அதே கை, வெளிச்சத்திடம் காட்டிக்கொடுத்தது. இந்த முடிவை நான் முதன்மையானதாக நினைக்கிறேன். வளையம் ஒரு மந்திரக் கவசம் அல்ல. ஒவ்வொரு விருந்தாளியோடும் அதன் உறவு வேறு. ஒரு பண்பைக் கூட்டும்போது இன்னொன்றைக் குறைக்கலாம். அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. ஆகவே இந்தத் துறைக்கு முதல் தேவை அளக்கும் இடம். ஆலை அதற்குப் பிறகு.

எடைக் கணக்கையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் பெரம்பலூர் வருகிறது. பீட்டா வளையத்தின் மூலக்கூறு எடை 1135, குர்குமினுடையது 368. நீண்ட குர்குமினின் இரு முனைகளையும் இரண்டு வளையங்கள் பற்றிக்கொள்வதாக வைத்தால், ஒரு கிராம் குர்குமினுக்கு 6 கிராமுக்கு மேல் வளையம் வேண்டும். ஒரு வளையம் மட்டும் என்றாலும் 3 கிராம். அதாவது இப்படி ஏற்றித் தயாரிக்கும் மூலிகைத் தூளில் எடையின் பெரும்பங்கு மூலிகை அல்ல, மாவுச்சத்தின் பிள்ளை. ஈரோட்டு மஞ்சளையும் சேலத்து மூலிகையையும் பேசும் நாம், அவற்றைச் சுமக்கப்போகும் பொருளின் தாய்ப்பயிர் எங்கே விளைகிறது என்று கேட்பதில்லை. வேப்பூர், குன்னம், ஆலத்தூர், வேப்பந்தட்டை வட்டாரங்களின் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விளைகிறது. தை மாதத்தில் அந்தப் பக்கம் போனால் தார்ச்சாலையின் ஒரு பாதி மஞ்சள் மணிகள் காயும் களமாகவே இருக்கும். மணியின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் மாவுச்சத்து. விளைச்சலில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்குப் போகிறது. அண்மைக் காலத்தில் எத்தனால் ஆலைகளும் போட்டிக்கு வந்திருக்கின்றன. 2024-25-இல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். கிலோவுக்கு 22 ரூபாய் சொச்சம். மருந்துத் தரத்துச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இதைவிடப் பல மடங்கு விலைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது.

விருந்தாளிகளும் இதே மண்ணில் இருக்கிறார்கள். சேலம் ஆத்தூர் தொடங்கிப் பெரம்பலூர்ப் பக்கம் வரை ஒப்பந்தச் சாகுபடியாகப் பரவிய மருந்துக் கூர்க்கனை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் வேர்க்கிழங்கிலிருந்து 1970-களில் மும்பையில் இயங்கிய ஹெக்ஸ்ட் ஆய்வு மையமும் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் தனித்தனியே ஒரு சேர்மத்தைப் பிரித்தன. இன்று அதை ஃபோர்ஸ்கோலின் என்கிறோம். உயிரணுவுக்குள் முக்கியமான ஒரு நொதியை நேரடியாகத் தூண்டும் அதன் ஆற்றல் 1981-இல் வெளியானபோது உலகெங்கும் ஆய்வகங்கள் அதைத் தேடின. இன்றும் அது ஆய்வக அலமாரிகளில் நிரந்தர இடம் பிடித்திருக்கிறது. ஆனால் மருந்தாக நெடுந்தூரம் போகவில்லை. காரணங்களில் தலையானது, தண்ணீரில் கரையாது. ஜப்பானியர் அந்த மூலக்கூறின் மீதே வேதிவேலை செய்து கரையக்கூடிய ஒரு மாற்றுருவை உண்டாக்கினார்கள். அது இதயச் செயலிழப்புக்கான மருந்தாக அங்கே புழக்கத்துக்கு வந்தது. புதிய மூலக்கூறு என்பதால் அதன் உரிமையும் லாபமும் செய்தவருக்கே போயின. மூலக்கூறைத் தொடாமல், வளையத்தில் ஏற்றிக் கரைக்கும் வழி இன்னொன்று. கண் சொட்டு மருந்துக்காக அப்படி முயன்ற ஆய்வுகளும் உண்டு. அந்த வழியில் சேர்மம் கூர்க்கனுடையதாகவே இருக்கும், ஏந்தும் வளையம் மக்காச்சோளத்தினுடையதாக இருக்கும். இரண்டையும் ஒரே உழவர் விளைவிக்கும் வட்டாரத்தில் இன்று நடப்பதோ கிழங்கை நறுக்கிக் காயவைத்து, வாங்குபவர் சொன்ன விலைக்கு மூட்டை ஏற்றி அனுப்புவது.

டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசே ஊர்தோறும் காய்ச்சிக் கொடுத்த நிலவேம்புக் குடிநீரின் கசப்பைக் குழந்தைகள் குடிக்கப் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கசப்பின் மூலமான ஆண்ட்ரோகிராஃபோலைடும் தண்ணீரில் எளிதில் கரையாதது. அதை வளையத்துக்குள் வைத்தால் நாக்கின் சுவைமொட்டுகளுக்கு எட்டாமல் கசப்பு குறைகிறது, கரைதிறனும் கூடுகிறது. பெரம்பலூர்ப் பக்கத்துச் செட்டிகுளம் சின்ன வெங்காயத்தின் கதையும் ஆவியில் இருக்கிறது. பட்டறையில் காற்றோட்டமாக அடுக்கி வைத்தாலும் அழுகல் போக மிஞ்சியதுதான் காசு. வெங்காயத்தின் கந்தக எண்ணெய் பறந்துபோகும் தன்மையது. பூண்டு, வெங்காய எண்ணெய்களை வளையத்தில் அடைத்து, ஆவியாகாமலும் காற்றுபட்டுக் கெடாமலும் தூளாக வைத்திருக்கும் நுட்பம் ஹங்கேரியில் 1970-களிலேயே கைவந்துவிட்டது.

இங்கே முதல் மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. இயற்கையான பொருளைத் தனியே பிரித்து, வளையத்தில் அடைத்து, தூளாக்கி விற்றால் அது இன்னும் இயற்கையா? வெங்காயத்தை வெங்காயமாகத் தின்றால் போதாதா? பல நேரம் போதும் என்பதே என் பதில். 1995-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின் என்ற சேர்மத்தைத் தன்னார்வலர்களின் குடல் எவ்வளவு ஏற்கிறது என்று அளந்தார்கள். தனியாகப் பிரித்த குவெர்செட்டினில் 24 சதவீதம் உறிஞ்சப்பட்டது. வெங்காயத்தோடு சேர்ந்து போனபோது 52 சதவீதம். காரணம், வெங்காயத்துக்குள் அந்தச் சேர்மம் தனித்து இருப்பதில்லை. குளுக்கோஸைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. அந்தச் சர்க்கரை அதைக் குடற்சுவரைக் கடத்திவிடுகிறது. செடி தானாகவே தன் சேர்மத்துக்கு ஒரு சுமைதாங்கியைத் தந்திருக்கிறது. நாம் அதைப் பிரித்தெடுத்து வீணாக்கிய பின் இன்னொன்றைத் தேடுகிறோம். எனவே வெங்காயக் குவெர்செட்டினுக்கு வளைய மாத்திரை வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் சாம்பாரோடு போட்டியிட்டு வென்று காட்டட்டும் என்றே கேட்க வேண்டும். ஆனால் இந்த ஆய்வு வளையத்தின் தேவையை மறுக்கவில்லை. துணை முக்கியம் என்பதையே உறுதிசெய்கிறது. கூர்க்கன் கிழங்குக்கும் வேப்பங்கொட்டைக்கும் வெங்காயத்துக்குக் கிடைத்த துணை கிடைக்கவில்லை. அங்கேதான் மாவுச்சத்து வளையத்துக்கு வேலை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. உடம்பு உறிஞ்சாததை வலிந்து உறிஞ்சவைப்பது நல்லதா? மஞ்சள் நம் சமையலில் ஆயிரமாண்டாக இருப்பதற்கு, அதில் பெரும்பகுதி உடம்பில் ஏறாமலே வெளியேறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2019-இல் இத்தாலியில் மஞ்சள் சத்து மாத்திரைகள் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. 2022-இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம், உறிஞ்சும் திறன் கூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகள் குறித்துக் குறிப்பாக எச்சரித்தது. குர்குமினே நல்ல மருந்து மூலக்கூறுதானா என்று 2017-இல் வேதியியல் இதழ் ஒன்றில் வெளியான விரிவான மறுபரிசீலனை கடுமையாகக் கேட்டிருந்தது. கரைவது வேறு, குணமாக்குவது வேறு. ரெம்டெசிவிர் அருமையாகக் கரைந்தது. உயிரிழப்பைக் குறைக்கிறதா என்று உலக சுகாதார அமைப்பு நடத்திய பெருஞ்சோதனையில் 2020-இல் வந்த விடை நம்பிக்கை தரவில்லை. வளையத்தாலும் தீங்கு உண்டு. மாற்றம் செய்யாத பீட்டா வளையத்தை ஊசியில் ஏற்றினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால்தான் ரெம்டெசிவிரில் ஓரம் மாற்றிய வகை இருந்தது. உயிரணுச் சவ்விலிருந்து கொழுப்பை உருவியெடுக்கும் திறனும் பீட்டா வளையத்துக்கு உண்டு.

அரியலூர் மாவட்டத்திலேயே இந்த மறுப்புக்கு வலுவான சாட்சி வளர்கிறது. ஜெயங்கொண்டம் பக்கம் பந்தலில் ஏறும் கண்வலிக்கிழங்கு, நம் மாநில மலரான செங்காந்தள். அதன் விதை கிலோக்கணக்கில் ஏற்றுமதிக்குப் போவது கோல்சிசினுக்காக. கோல்சிசின் தண்ணீரில் நன்றாகவே கரையும், குடலிலும் ஏறும். கீல்வாதத்துக்கு மருந்தாகும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கும் இடையே அதில் இடைவெளி மிகக் குறைவு. இந்தச் சேர்மத்தை இன்னும் கரையவைக்கிறேன், இன்னும் உறிஞ்சவைக்கிறேன் என்று யாரும் கிளம்பக்கூடாது. எனவே என் வாதம் எல்லா மூலிகைக்கும் வளையம் என்பதல்ல. எந்தச் சேர்மத்துக்கு எந்தப் பண்பு குறையாக இருக்கிறது, அந்தக் குறை நீங்கினால் நன்மையா தீமையா என்று கேட்டு முடிவுசெய்ய வேண்டும் என்பதே. கரையாமை ஓர் இடத்தில் குறை, இன்னோர் இடத்தில் காப்பு.

அதனால்தான் முதல் முயற்சி மாத்திரையில் தொடங்கக்கூடாது, வயலில் தொடங்க வேண்டும் என்கிறேன். 2018-இல் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் வந்தபோது மிகக் கடுமையாக அடிவாங்கிய மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் இருந்தன. குருத்துக்குள் புகுந்து தின்ற புழுவுக்காக உழவர்கள் அடுக்கடுக்காக மருந்தடித்தார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த பரிந்துரைகளில் பயிரின் இளம் பருவத்துக்கு வேம்பின் அசாடிராக்டின் கலவை இடம்பெற்றது. புழு உண்ணுவதையும் தோலுரிப்பதையும் குலைக்கும் அருமையான சேர்மம் அது. வேதியியலாளர்கள் அதன் முழு அமைப்பை ஆய்வகத்தில் கட்டியெழுப்ப 22 ஆண்டு உழைத்து 2007-இல்தான் வென்றார்கள். வேப்பமரம் ஆண்டுதோறும் அதை ஆனி, ஆடியில் உதிர்க்கிறது. அதன் பெருங்குறை வெயில். அடித்த சில நாட்களில் வெளிச்சம் அதைச் சிதைத்துவிடுகிறது. வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்க மறுப்பதும், சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்க வேண்டியிருப்பதும் உழவர் அறிந்ததே. அசாடிராக்டின் பெரிய மூலக்கூறு, எடை 720. பீட்டா வளையத்துக்குள் முழுதாக நுழையாது, ஒரு பகுதியே நுழையும். அந்தப் பகுதி எது, அது மறைந்தால் வெயிலில் ஆயுள் கூடுமா, குர்குமினுக்கு ஆனதுபோலக் குறையுமா என்பதை வயலில் பார்த்தே தீர வேண்டும். கூடினால், மக்காச்சோளத்தைக் காக்க மக்காச்சோளமே வேம்பை ஏந்திக்கொண்டு நிற்கும். கூடாவிட்டால், மனிதர் யாரும் மாத்திரையாக விழுங்கும் முன்பே அது தெரிந்துவிடும்.

பொருளாதாரக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா, சீனா நாடுகளின் பெரிய ஆலைகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. நொதி, கரைப்பான், தூய்மையாக்கல், கழிவுநீர் என்று மூலதனம் விழுங்கும் தொழில் இது. மரவள்ளி மாவுச்சத்தும் இதற்கு உதவும் என்பதால் சேலத்தின் ஜவ்வரிசி வட்டாரமும் உரிமை கோரலாம், கோரட்டும். உழவருக்கு என்ன கிடைக்கும் என்பதே கூர்மையான கேள்வி. ஆலை வந்த ஒரே காரணத்தால் மணியின் விலை உயராது; ஆலைக்கு வேண்டிய மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போவதோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவுதான். விலை உயரும் என்று வாக்குக் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன். பயன் வர வேண்டிய வாசல் வேறு: உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலப்பொருள் விற்பவராக மட்டும் நிற்காமல், ஏற்றிய தூளில் பங்குதாரராக வருவது. எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலையைப் பல்லாண்டாகக் கண்ட மாவட்டம் இது. விளைபொருளை ஊரிலேயே ஆலைக்கு அனுப்புவது என்ன, நிலுவைக்குக் காத்திருப்பது என்ன என்று இரண்டையும் அறிந்த மக்கள். மருந்துத் தர வளையத்தைத் தயாரிப்பதில் சீனாவோடு மோத வேண்டியதில்லை. வளையத்தை முதலில் வாங்கியே, இங்குள்ள வேம்பையும் கூர்க்கனையும் அதில் ஏற்றி, அளந்து, தரச்சான்று பெறும் திறனை வளர்த்துக்கொள்ளலாம். அறிவு முதலில் வந்து ஆலை பின்னால் வந்தால் தப்பில்லை. ஆலை முதலில் வந்து அறிவு வராமலே போன கதைகள் நம் தொழிற்பேட்டைகளில் நிறைய உண்டு.

ஏற்றிய மூலிகைத் தூள் ஏற்கெனவே கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டதால் புட்டி மேல் எழுதும் எழுத்தைப் பற்றி இப்போதே பேச வேண்டும். மேலே பார்த்த கணக்கின்படி, இரு வளையம் பற்றிய தூளாலான 500 மில்லிகிராம் மாத்திரையில் குர்குமின் 70 மில்லிகிராம்தான். மீதி 430 மில்லிகிராம் பீட்டா வளையம். உணவில் சேர்க்கும் பொருட்களை ஆராயும் உலக வல்லுநர் குழு, பீட்டா வளையத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். அந்த ஒரே மாத்திரை வரம்பைத் தாண்டிவிடும். ஆல்ஃபா, காமா வகைகளுக்கு இப்படி எண் வரம்பு இல்லை. ஆனால் வாங்குபவருக்கு எந்த வகை என்று எப்படித் தெரியும்? மூலிகைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுச் சுமப்பவரின் பெயரைப் பொடி எழுத்தில் மறைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். ஏந்தும் வளையம் எந்த வகை, எத்தனை மில்லிகிராம், உள்ளே இருக்கும் சேர்மம் எத்தனை மில்லிகிராம் என்ற மூன்று விவரங்களும் மூலிகைப் பெயரின் அளவிலேயே அச்சாக வேண்டும். அனுபானத்தைச் சொல்லாமல் மருந்து கொடுக்காத மரபு நம்முடையது. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஆயுஷ் துறையும் அந்த மரபின் குறைந்தபட்ச நேர்மையையாவது கேட்டுப் பெறலாம்.

ஆள் இல்லை, அறிவு இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குள் மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பல்லாண்டாக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். தூளாக்கி அடைக்கும் நுட்பத்தில் அதற்குக் கைப்பழக்கம் உண்டு. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள், வேப்பந்தட்டையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம். இவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதற்கான காரணத்தை யாரும் இதுவரை தரவில்லை. வேதியியல் துறையின் ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. உழவரின் வேப்பங்கொட்டை முற்றத்தில் காய்கிறது. மாவட்ட நிர்வாகமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கேட்க வேண்டியது பெருந்தொகை அல்ல: ஒரு நிறமாலைமானி, ஒரு தூளாக்கும் இயந்திரம், முழுநேரமாக இரண்டு மூன்று ஆய்வாளர்கள், இரு மாவட்டங்களிலும் சில ஏக்கர் சோதனை வயல். மழையை நம்பி விதைக்கும் நிலத்தில், குருத்து விடும் முதல் மூன்று வாரம் படைப்புழுவுக்கு உகந்த காலம். ஒரு பாத்தியில் சாதாரண வேப்பக் கலவை, பக்கத்துப் பாத்தியில் வளையத்தில் ஏற்றியது, மூன்றாவதில் எதுவும் அடிக்காமல் விட்டு, நாள்தோறும் இலையில் எவ்வளவு அசாடிராக்டின் மிஞ்சியிருக்கிறது, எத்தனை குருத்தில் புழு இருக்கிறது என்று எண்ணிக் குறிக்கலாம். வரும் விதைப்புக்கு முன்பே அந்தப் பாத்திகளை வரைந்துவிட முடியும்.